எதிரில் யாரை நிறுத்துகிறார்கள்? மேட்ச்மேக்கிங் பற்றிச் சில வருஷ அனுபவம்

கிராஃபிக்ஸ், புது மேப், துப்பாக்கி ஸ்கின் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒரு ஆட்டம் நமக்கு எதிரில் யாரைக் கொண்டுவந்து நிறுத்துகிறது என்பதுதான் என் விஷயம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் வேலை முடிந்து வந்து ராத்திரி கொஞ்ச நேரம் ஆடுகிற ஆள் நான். போனில் ஒரு பேட்டில் ராயல் (கடைசிவரை உயிரோடு நிற்பவர் ஜெயிக்கும் துப்பாக்கி ஆட்டம், பெயர் வேண்டாம்), லிச்செஸ் என்ற இணையதளத்தில் செஸ், முன்பு கம்ப்யூட்டரில் டோட்டா 2 என்ற குழு ஆட்டம். மூன்றிலும் புதியவனாக அடி வாங்கியிருக்கிறேன், பழையவனாக அடித்தும் இருக்கிறேன். இப்போது அக்கா பையன் ஆட ஆரம்பித்திருப்பதால் புதியவன் படும் பாடு மறுபடி கண்ணெதிரே நடக்கிறது.

பேட்டில் ராயலில் முதல் சில நாள் அவனுக்கு ஒரே கொண்டாட்டம். இறங்கிய இடத்திலெல்லாம் நாலு கில், ஆறு கில். பின்னால் நின்று பார்த்தால் சங்கதி புரிந்துவிடும். எதிரி வெட்டவெளியில் நேராக ஓடி வருகிறான், நிற்கிறான், நம் தலைக்கு மேலே இரண்டு தோட்டா விடுகிறான், அப்புறம் நாம் குறி பார்த்து முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருக்கிறான். அடி விழுந்தாலும் மரத்துக்குப் பின்னால் போய் ஒளியத் தெரியாது. எல்லாம் பாட், அதாவது மனிதன் இல்லாமல் கம்ப்யூட்டரே ஆட்டுவிக்கும் பொம்மை. தெருக் கிரிக்கெட்டில் பொடியனை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வோமே, அவன் போல்டானாலும் இன்னொரு பந்து போடுவோமே, அந்த ஏற்பாடுதான். தெருவில் அது எல்லாருக்கும் தெரிந்து நடக்கும். இங்கே யாரும் சொல்வதில்லை. பாட்டுக்கும் மனிதனைப் போலவே ஒரு பெயர் வைத்து லாபியில் (ஒரு மேட்சுக்காகச் சேர்க்கும் கூட்டத்தில்) விட்டுவிடுகிறார்கள்.

பாயிண்ட் சேரச் சேர ஏறும் படிகளில் ஒன்றான கோல்டு தாண்டியதும் பாட் குறைய ஆரம்பித்தது. பையன் பாராசூட்டிலிருந்து இறங்கித் துப்பாக்கியை எடுப்பதற்குள் செத்தான். அடுத்த மேட்சிலும் அதே கதை. "மாமா, நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஆடினேன்?" என்றான். நன்றாகத்தான் ஆடினான், ஆளில்லாத ஊரில். பாட் வைப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. ஜாய்ஸ்டிக்கும் ஃபயர் பட்டனும் விரலுக்குப் பழகுகிறவரை அது வேண்டும். ஆனால் பாட்டை அடித்து வாங்கிய பாயிண்டையும் மனிதனை அடித்து வாங்கிய பாயிண்டையும் ஒரே உண்டியலில் போட்டு, அதை வைத்தே எதிரிகளைத் தேர்ந்தெடுத்தால் எப்படி?

டியர் என்கிற இந்தப் படியே திறமையை அளப்பதைவிட ஆடிய நேரத்தைத்தான் அதிகம் அளக்கிறது. கடைசி வட்டம்வரை புல்லில் படுத்துக் கிடந்தாலே பாயிண்ட் ஏறும். போதாததற்கு சீசன் ரீசெட் வேறு. உச்சத்தில் இருந்தவர்களையெல்லாம் கீழே தள்ளிவிடுகிறார்கள். சீசன் ஆரம்பித்த முதல் வாரம் கோல்டு லாபியில் நம்மை அடிக்கிறவன் போன மாதம்வரை ஏஸ் என்ற மேல் படியில் இருந்தவன். அதனால் புதிதாக ஆடுகிறவர்கள் அந்த வாரம் ரேங்க் பக்கமே போகாமல் அன்ரேங்க்டில் (படிக் கணக்கில் சேராத ஆட்டத்தில்) ஆடுவது உடம்புக்கு நல்லது.

லிச்செஸ் இதற்கு நேர் எதிர், ஆரம்பத்திலேயே கசப்பு. எல்லாருக்கும் ரேட்டிங், அதாவது திறமையைக் காட்டும் எண், 1500-ல் தொடங்குகிறது. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. இப்போதுதான் காய் நகர்த்தக் கற்ற ஆள் அங்கே தோற்றுத் தோற்றுத்தான் தன் இடத்துக்கு இறங்கியாக வேண்டும். அக்கா பெண் தொடர்ந்து தோற்று, போனைக் கட்டில்மேல் வீசிவிட்டுப் போய்விட்டாள். ஆனால் அந்தக் கேள்விக்குறி எனக்குப் பிடிக்கும். உன்னைப் பற்றி எனக்கு இன்னும் சரியாகத் தெரியாது என்று அது ஒப்புக்கொள்கிறது.

இதன் பின்னணி சுவாரசியமானது. செஸ் ரேட்டிங்குக்கு வழி போட்டவர் ஆர்பட் எலோ என்ற இயற்பியல் பேராசிரியர். உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடே அவருடைய முறையை 1970-ல் ஏற்றுக்கொண்டது. 400 புள்ளி வித்தியாசம் இருந்தால் மேலே இருப்பவர் 11 ஆட்டத்தில் சுமார் 10 புள்ளி எடுப்பார் என்பது அதன் கணக்கு. எலோவில் ஆளுக்கு ஒரே எண்தான். மார்க் கிளிக்மன் என்ற புள்ளியியலாளர் 1990-களில் கொண்டுவந்த கிளிக்கோ முறையில் ரேட்டிங்கோடு, அது எவ்வளவு நிச்சயம் என்பதற்கும் ஒரு எண் உண்டு. லிச்செஸ்ஸில் ஓடுவது அதன் அடுத்த வடிவமான கிளிக்கோ-2. அதனால்தான் முதல் ஆட்டங்களில் ரேட்டிங் நூறு நூறாகக் குதிக்கிறது, போகப்போக ஐந்து, ஆறு என்று அடங்குகிறது. பல மாதம் ஆடாமல் விட்டுத் திரும்பி வந்தால் மறுபடி பெரிய அடியாக நகர்கிறது. எனக்கே நடந்திருக்கிறது. துருப்பிடித்துப்போன ஆளைச் சீக்கிரம் சரியான இடத்தில் இறக்கிவிட்டது. அங்கேயும் பாட் கணக்குகள் உண்டு, ஆனால் பெயருக்கு முன்னால் பாட் என்று பட்டை ஒட்டியிருக்கும்.

செஸ்ஸில் ஒருவருக்கு ஒருவர், சரி. சிலர் சேர்ந்து ஒரே அணியாக ஆடும் ஸ்குவாட் என்று வந்தால்தான் எல்லாக் கணக்கும் தள்ளாடுகிறது. குழு ஆட்டத்துக்கென்றே மைக்ரோசாஃப்ட் ட்ரூஸ்கில் என்ற முறையை 2005-ல் எக்ஸ்பாக்ஸ் 360-க்காகக் கொண்டுவந்தது. அதிலும் திறமை ஒரு எண், நிச்சயமின்மை இன்னொரு எண். ஆனால் எங்கள் ஸ்குவாடை எடுத்துக்கொள்ளுங்கள்: முதுநகர் நண்பன் ஏஸ், நான் நடுவாந்தரம், அக்கா பையன் கத்துக்குட்டி. எந்த லாபியில் போடுவது? எங்கள் ஆட்டம் பெரும்பாலும் மேலே இருப்பவனுக்கு ஏற்ற லாபியில்தான் போடுகிறது. பையன் முதல் நிமிஷமே செத்து, மீதி நேரம் நாங்கள் ஆடுவதை வேடிக்கை பார்க்கிறான்.

நண்பன் ஒரு தீர்வு சொன்னான்: "நான் புது ஐடி போட்டு வர்றேன், லாபி ஈஸியா கிடைக்கும்." எங்கள் வீட்டுப் பையனுக்கு நியாயம், எதிரில் வரும் பத்துப் பதினைந்து வீட்டுப் பையன்களுக்கு அநியாயம். வேண்டாம் என்றுவிட்டேன். இப்படித் தேர்ந்த ஆள் புது ஐடியில் ஒளிந்து புதியவர்களோடு ஆடுவதற்குப் பெயர்தான் ஸ்மர்ஃப். டோட்டா 2 நடத்தும் வால்வ் 2023 செப்டம்பரில் இப்படிப்பட்ட 90,000 கணக்குகளைத் தடை செய்ததோடு, அவற்றின் முக்கியக் கணக்குகளையும் கண்டுபிடித்துவிட்டதாகவும், அவையும் இனித் தப்பாது என்றும் எச்சரித்தது. அந்த மாதிரிக் கண்டிப்பு போன் ஆட்டங்களில் எனக்குத் தட்டுப்படவில்லை.

நம்மூரில் விரும்பாமலே ஸ்மர்ஃப் ஆகிற வழியும் ஒன்று உண்டு. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அப்புறம் தென்பெண்ணை வெள்ளம் கடலூருக்குள் வந்தது. அந்த நாட்களில் கரண்ட்டும் நெட்டும் வந்து வந்து போயின. பாதி ஆட்டத்தில் லைன் போனால் தோல்வி. செஸ் கடிகாரம் நமக்காக நிற்காது. இப்படி இறங்கிய ரேட்டிங்கோடு மறுபடி உட்கார்ந்தபோது எதிரில் வந்தவர்கள் என்னைவிடச் சின்ன ஆட்டக்காரர்கள். வரிசையாக ஜெயித்தேன். எந்த ஊரிலோ உட்கார்ந்திருக்கும் ஒரு புதியவன் கடலூரில் அடித்த புயலுக்கு ரேட்டிங் கட்டினான்.

நேரமும் முக்கியம். ராத்திரி பத்து மணிக்கு ஆட்கள் குவிந்திருக்கும்போது ஓரளவு சமமான ஆட்டம் உடனே கிடைக்கிறது. விடிகாலையில் ஆள் இல்லாததால் வலை அகலமாக விரிகிறது, யார் வேண்டுமானாலும் வருவார்கள். திறமை, பிங் (சர்வருக்கும் நமக்கும் இடையிலான தாமதம்), காத்திருக்கும் நேரம் மூன்றில் ஒன்றை இறுக்கினால் மற்றது தளரும்.

"எல்லா மேட்சும் பரீட்சை மாதிரி இருக்கு, கொஞ்சம் ரிலாக்ஸா ஆட விடுங்கடா" என்பது நண்பனின் புகார். பாதி நியாயம்தான், எப்போதும் சமமான எதிரி என்றால் அலுத்துத்தான் போகும். ஆனால் ஆக்டிவிஷன் கம்பெனி தன் துப்பாக்கி ஆட்டமான கால் ஆஃப் டூட்டி பற்றி 2024-ல் வெளியிட்ட ஆய்வறிக்கையைப் படித்துப் பார்க்கலாம். எதிரிகளைத் தேர்ந்தெடுப்பதில் திறமைக்குக் கொடுக்கும் எடையைக் குறைத்துச் சோதித்தபோது, மேல்மட்டத்து 10 சதவீதம் போக மீதி 90 சதவீதம் பேர் திரும்பி வருவது குறைந்ததாம். கம்பெனி தன் கட்சிக்காக எழுதியதுதான், இருந்தாலும் எங்கள் வீட்டில் நான் பார்த்ததோடு ஒத்துப்போகிறது. நண்பன் ரிலாக்ஸாக ஆட வேண்டுமானால், ஆறு கில்லாக விழுவதற்கு ஆறு பேர் வேண்டுமே.

மதிப்பெண் போடச் சொன்னால் லிச்செஸ்ஸுக்குப் பத்துக்கு எட்டு. குறைத்த இரண்டும் அந்த 1500 தொடக்கத்துக்கு. பெரியவர்கள் பக்கத்தில் இருந்து, முதலில் கம்ப்யூட்டரின் கீழ் நிலைகளோடு ஆட விட்டுப் பிறகு ரேட்டிங் ஆட்டத்துக்கு அனுப்பினால் அந்தக் கசப்பும் பாதியாகும். அக்கா பெண் இப்போது அப்படித்தான் ஆடுகிறாள். பேட்டில் ராயலுக்கு நாலு. பாட்டைப் பாட் என்று சொல்லிவிட்டு, கலப்பு ஸ்குவாடுக்குத் தனி வரிசை வைத்தால் ஆறு போடுவேன். அதுவரை நாங்கள் மூன்று பேரும் அன்ரேங்க்டில் மேப்பின் ஓரமாக இறங்குகிறோம்.