பாளையங்கோட்டை புல்லட் ஒர்க் ஷாப்: அப்பாவின் 1976 மாடல் வண்டியைக் கொடுத்து வாங்கிய அனுபவம்

லோடு ஆட்டோவிலிருந்து வண்டியை இறக்கி வைத்ததும் மெக்கானிக் அண்ணாச்சி கிக்கரைத் தொடவே இல்லை. குத்தவைத்து உட்கார்ந்து, எஞ்சினுக்கு அடியில் இருந்த போல்ட்டைக் கழற்றி, ஒரு பழைய பெயிண்ட் டப்பாவைப் பிடித்தார். முதலில் கொஞ்சம் தண்ணீர் வந்தது. அப்புறம் தார் மாதிரி ஒரு குழம்பு. அதை விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "டீச்சர், இத யாரோ ஸ்டார்ட் பண்ணிருக்காவளே?" என்று கேட்டார். அவரிடம் நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அந்தக் கேள்வியிலேயே எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

சமாதானபுரம் பக்கம் ஒரு தெருவுக்குள், தகரக் கூரை போட்ட சின்ன ஒர்க் ஷாப். பெயர்ப் பலகை கிடையாது. அண்ணாச்சியும் இரண்டு பையன்களும்தான். பழைய புல்லட் தவிர வேறு வண்டி எடுப்பதில்லை.

எங்கள் வண்டி 1976 மாடல் 350. அப்பா 1981இல் செகண்ட் ஹேண்டாக வாங்கினார். கால்நடைத் துறையில் ஆய்வாளராக அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம், கடையம் என்று அந்த வட்டாரம் முழுக்கச் சுற்றியது இதில்தான். மாடுகளுக்கு வெக்கை நோய்த் தடுப்பூசி போடப் போகும்போது ஐஸ் பெட்டியைக் கட்ட பின்னால் ஒரு இரும்பு கேரியர் அடித்து வைத்திருந்தார். 1997இல் ரிட்டயர் ஆனதும் வண்ணாரப்பேட்டை வீட்டுப் பின்கட்டில் சாக்கு போட்டு மூடினார். அதோடு சரி. அண்ணன் இரண்டு முறை விற்கச் சொன்னான். அப்பா பதிலே சொல்லவில்லை.

2023 டிசம்பர் 17, 18இல் தாமிரபரணி வெள்ளம் எங்கள் தெருவுக்குள்ளும் வந்தது. பின்கட்டில் சக்கரத்தின் ஹப் உயரத்துக்குத் தண்ணீர். மாடியிலிருந்து இறங்கியதும் அப்பா முதலில் போய்ப் பார்த்தது அரிசி மூட்டையை இல்லை, இந்த வண்டியைத்தான். இனியும் இதைச் சும்மா போட்டு வைக்கக் கூடாது என்று நான் முடிவெடுத்தது அன்றைக்கு.

முதலில் நான் கொடுத்தது வேறோர் இடத்தில். பெயர் வேண்டாம். அங்கே கார்ப்பரேட்டரைக் கழுவி, புது பிளக் போட்டு, அன்று மாலையே ஸ்டார்ட் பண்ணிக் காட்டினார்கள். எனக்கும் என் மகனுக்கும் சந்தோஷம் தாங்கவில்லை, வீடியோவெல்லாம் எடுத்தோம். ஐந்து நிமிஷத்தில் உள்ளிருந்து சுத்தியலால் தட்டுவதுபோல ஒரு சத்தம். எஞ்சின் நின்றுவிட்டது. "பழைய வண்டின்னா அப்படித்தான்" என்றார்கள்.

அதற்கான காரணத்தை அண்ணாச்சி டைமிங் கவரைக் கழற்றிக் காட்டினார். அந்தக் கவருக்குள் விரல்நுனி அளவில் ஒரு கார்க் வளையம் இருக்கிறது. பம்ப் தள்ளும் ஆயில் அதைத் தாண்டித்தான், பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் கிராங்குக்குள் நுழைந்து, கனெக்டிங் ராடின் அடிப்பக்கம் இருக்கும் பிக் எண்டுக்குப் போக வேண்டும். இத்தனை வருஷம் சும்மா நின்ற வண்டியில் அது காய்ந்து சுருங்கி, தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. அது சரியாக இல்லாவிட்டால் ஆயில் வழியிலேயே கசிந்து போய்விடும், பிக் எண்டுக்குச் சொட்டுக்கூடச் சேராது. புல்லட்டில் அங்கே இருப்பது புஷ், அதாவது வெறும் உலோக வளையம். ஆயில் இல்லாமல் ஐந்து நிமிஷம் ஓடினாலே அது கதை முடிந்தது. கார்க் மிகச் சின்ன செலவு. அதைப் பார்க்காமல் ஸ்டார்ட் பண்ணியதற்கு எனக்கு கிராங்க் வேலை மட்டும் 6,500 ரூபாய் ஆனது. வெகுநாள் நின்ற வண்டியை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை மனதில் வையுங்கள்: வண்டியைப் பார்த்த அன்றைக்கே ஸ்டார்ட் பண்ணிக் காட்டுகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள்.

இந்த ஒர்க் ஷாப்பில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், கேட்காமல் எதையும் மாற்ற மாட்டார்கள். கழற்றிய ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சீட்டு எழுதி, நூலால் கட்டி, மூன்று தட்டில் பிரித்து வைத்திருந்தார்கள். அப்படியே போடலாம், சரி பண்ணிப் போடலாம், புதுசுதான் வாங்க வேண்டும் என்று மூன்று வகை. சனிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் நான் போவேன். ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்து, ஏன் அந்தத் தட்டில் வைத்தார் என்று சொல்வார். மாற்றிய பழைய பொருள் அத்தனையும் கடைசியில் ஒரு சாக்கில் போட்டுத் திருப்பித் தந்தார். பொம்பளைக்கு என்ன புரியும் என்று மேலோட்டமாகப் பேசி அனுப்பும் இடங்களைப் பார்த்தவள் நான். இங்கே அப்படி ஒருநாளும் நடக்கவில்லை. சிலிண்டரை அளந்து காட்டும்போது, 70 மில்லிமீட்டர் போர் (உள்விட்டம்), 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) என்றார். நான் அங்கேயே நோட்டின் ஓரத்தில் உருளையின் கன அளவைப் போட்டேன். 346 சிசி வந்தது. "நாப்பது வருசமா வேல பாக்கேன், இந்தக் கணக்க யாரும் போட்டுக் காட்டுனதில்ல" என்று பையன்களைக் கூப்பிட்டுக் காட்டினார். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இப்போது இந்தக் கணக்கைத்தான் முதலில் சொல்லிக் கொடுக்கிறேன்.

சிலிண்டருக்குள் துரு குழி குழியாக அரித்திருந்ததால் போர் அடித்து, அதாவது உள்ளே கடைந்து கொஞ்சம் பெரிதாக்கி, ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டியதாயிற்று. பிஸ்டனை மதுரையிலிருந்து வரவழைத்தார். சில சாமான் சென்னை புதுப்பேட்டையிலிருந்து வந்தது. 1955இல் திருவொற்றியூரில் தொடங்கிய வண்டி, எத்தனையோ வருஷம் பெரிய மாற்றம் இல்லாமல் வந்துகொண்டே இருந்ததால் சாமான் கிடைப்பது கஷ்டமில்லை. தரமானதைப் பார்த்து எடுப்பதுதான் கஷ்டம் என்பார். மதுரையிலிருந்து முதலில் வந்த பிஸ்டன் ரிங்கை அளந்து பார்த்துத் திருப்பி அனுப்பினார். அதில் மூன்று வாரம் போனது.

பிரேக் டிரம்முக்குள் வெள்ளத்து வண்டல் கெட்டியாக உறைந்திருந்தது. சைலன்சருக்குள் குளவிக்கூடு. ஏர் ஃபில்டர் பெட்டியில் எலி, அப்பாவின் பழைய கோவில் கொடைச் சீட்டுகளைக் கடித்துக் கூடு கட்டியிருந்தது.

பெட்ரோல் டேங்க் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உள்ளே துரு. சின்னச் சல்லியும் டீசலும் போட்டு, பையன்கள் இருவரும் மாறி மாறி இரண்டு நாள் குலுக்கினார்கள். அடியில் இரண்டு ஊசித் துளை. அதை ஈயம் வைத்து அடைத்தார். ரப்பர் டியூப், பெட்ரோல் டேப்பின் வாஷர் எல்லாம் புதுசு. இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது பழைய ரப்பரைக் கெடுத்துவிடும், காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுக்கும். அதனால் பத்து நாளுக்கு மேல் ஓட்டாமல் வைப்பதாக இருந்தால் டேப்பை மூடி, கார்ப்பரேட்டரில் இருப்பதைத் தீரவிட்டு நிறுத்தச் சொன்னார்.

கறுப்பு பெயிண்ட் அடித்த பிறகு டேங்கில் தங்க நிறக் கோடு. ஸ்டிக்கர் ஒட்டிவிடலாமா என்று நான்தான் கேட்டேன். அண்ணாச்சி முகம் மாறிவிட்டது. திருவொற்றியூரில் அந்தக் கோட்டைக் கையால்தான் இழுத்தார்கள், ஒரு வாரம் பொறுங்கள் என்றார். முன்பு கடைப் பலகை எழுதிக்கொண்டிருந்த ஒரு பெரியவரைக் கூட்டி வந்தார். ஃபிளெக்ஸ் வந்தபிறகு அவருக்கு வேலை குறைந்துபோயிருந்தது. நீள முடி வைத்த மெல்லிய பிரஷ், சுண்டுவிரலை டேங்கின் விளிம்பில் ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பு. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். 40 நிமிஷத்தில் இரண்டு பக்கமும் முடிந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் வலது பக்கக் கோடு ஒரு இடத்தில் ஒரு நூல் தடிமன் கூடுதல். எனக்கு அதுவே போதும்.

கேரியரைப் பற்றியும் கேட்டார். கம்பெனியிலிருந்து வந்தபடி இருக்க வேண்டுமானால் அதைக் கழற்றிவிட வேண்டும். "ஐயா என்ன சொல்லுதாவன்னு கேட்டுச் சொல்லுங்க, நாம முடிவெடுக்கப்படாது" என்றார். அப்பா இருக்கட்டும் என்றார். இருக்கிறது.

இனி குறைகள். தீபாவளிக்குத் தருவதாகச் சொன்ன வண்டி பொங்கல் கழிந்துதான் கைக்கு வந்தது. 2024 ஜூனில் கொடுத்தேன், அதாவது ஏழு மாதம். போன் பண்ணினால் எடுக்க மாட்டார், நேரில்தான் போக வேண்டும். பில் என்று அச்சடித்து எதுவும் கிடையாது, நோட்டுத் தாள்தான். ஹேண்டில்பாரில் போட்ட குரோம் முலாம் இரண்டு மாதத்தில் புள்ளி விட ஆரம்பித்துவிட்டது. வெளியே கொடுத்து வாங்கிய வேலை என்றாலும் அதைப் பார்த்து வாங்க வேண்டியது அவர்தான். சொன்னதும் திரும்பச் செய்து தருவதாக ஒப்புக்கொண்டார். 6 வோல்ட் லைட்டை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று நான்தான் சொன்னேன். அது தப்பு. ராத்திரி நாலுவழிச் சாலைக்கு அந்த வெளிச்சம் காணவே காணாது. நீங்கள் கொடுப்பதாக இருந்தால் அப்போதே 12 வோல்ட்டுக்கு மாற்றச் சொல்லிவிடுங்கள்.

மொத்தம் 71,300 ரூபாய். இதில் கூலி 20,000. எஞ்சின் சாமான், கிராங்க், போர் அடித்தது, லேத் வேலை எல்லாம் சேர்ந்து 17,800. பெயிண்டும் முலாமும் 14,500. டயர், ரிம், ஸ்போக்ஸ் 9,300. வயரிங், பேட்டரி, விளக்குக்கு 6,200. சீட், கேபிள், ரப்பர் சாமான்களுக்கு 3,500. இந்தப் பணத்துக்கு ஓட்டிய நல்ல வண்டி ஒன்று வாங்கலாம்தான். எனக்கு வேண்டியிருந்தது இந்த வண்டி.

ஆர்.சி. வேலையை அவர் எடுப்பதில்லை. 15 வருஷம் தாண்டிய வண்டிக்குப் புதுப்பிக்க வேண்டும், அதை நாம்தான் அலைந்து முடிக்க வேண்டும். 50 வருஷம் ஆன வண்டிகளை விண்டேஜ் என்று பதிவு செய்யும் விதி 2021இல் வந்திருக்கிறது. ஆனால் எங்கள் வண்டிக்கு அப்போது 50 வருஷம் நிறையவில்லை, அப்படிப் பதிந்தாலும் அன்றாடம் ஓட்டக் கூடாது. அதனால் சாதாரணப் பதிவையே புதுப்பித்தோம்.

வண்டியைக் கொடுக்கும் முன் என் மகனுக்கு ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்தார். வலது காலில் கியர், இடது காலில் பிரேக். அவன் பழகியதற்கு நேர் எதிர். ஒர்க் ஷாப்புக்குப் பின்னால் உள்ள காலி மனையில் 20 சுற்றாவது சுற்றவிட்டிருப்பார், கால் தானாகப் போகும்வரை ரோட்டுக்கு அனுப்பவில்லை. அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெதுவாக அழுத்தி, சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றும் டிகம்ப்ரஷன் லிவரைப் பிடித்துக் கொஞ்சம் தாண்டவிட்டு, லிவரை விட்ட அப்புறம் முழு உதை. நானும் உதைத்துப் பார்த்தேன். மூன்றாவது உதையில் பிடித்தது.

வண்ணாரப்பேட்டைக்கு வண்டி வந்து சேர்ந்தபோது அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். 86 வயது. எழுந்து வரவில்லை. மகன் அணைக்கப் போனபோது "இருக்கட்டும்" என்று கை காட்டினார். தலையைச் சாய்த்து ரெண்டு நிமிஷம் கேட்டுக்கொண்டே இருந்தார். "டேப்பெட் லேசா சத்தம் போடுது. அந்த மெக்கானிக் கிட்ட சொல்லு" என்றார்.

மறுநாள் நேரில் போய்ச் சொன்னேன். "ஐயா காது காதுதான்" என்றார் அண்ணாச்சி. 500 கிலோமீட்டர் ஓடியதும் ஹெட் போல்ட்டை மறுபடி இறுக்கி, வால்வைத் தள்ளும் டேப்பெட்டையும் அப்போது சரி பண்ண வேண்டியிருக்குமாம். அதற்குக் கூலி கிடையாது. இப்போது 430 ஓடியிருக்கிறது. அடுத்த சனிக்கிழமை அப்பாவையும் ஆட்டோவில் அங்கே கூட்டிப் போகிறேன்.