மைன்லேப் ஈக்வினாக்ஸ் 800: ஈர மணலில் தேறுமா?

காய்ந்த மணலில் மலிவான மெட்டல் டிடெக்டரும் மோதிரம் காட்டும். அலை நனைத்த மணலில்தான் சாயம் வெளுக்கும். உப்புநீரும் மின்சாரத்தைக் கடத்துவதால், ஒரே அலைவரிசையில் ஓடும் கருவி ஓயாமல் கத்தும். கத்தலை அடக்க உணர்திறனைக் குறைத்தால் மெல்லிய தங்கமும் சேர்ந்து அடங்கிவிடும். மைன்லேப் நிறுவனத்தின் மெட்டல் டிடெக்டரான ஈக்வினாக்ஸ் 800 பல அலைவரிசைகளை ஒருசேரப் பயன்படுத்துவதால் இங்கே கைகொடுக்கிறது. கடற்கரைக்கு வாங்க அது ஒன்றே போதிய காரணம்.

கருவியில் கடற்கரைக்கென இரண்டு அமைப்புகள் உண்டு. ஈர மணலுக்கும் முழங்கால் தண்ணீருக்கும் பீச் 1. காயில் (உலோகத்தை உணரும் அடித்தட்டு) முழுக்க நீருக்குள் போனால் பீச் 2. காயிலை அசைக்காமல் பிடித்து இரைச்சல் நீக்கத்தை ஓடவிடுங்கள். அப்புறம் கிரவுண்ட் பேலன்ஸ், அதாவது மணலே எழுப்பும் சத்தத்தை அடக்குவது: பொத்தானை அழுத்தியபடி, மணலுக்கு மேல் காயிலை ஏற்றி இறக்கி, சத்தம் அடங்கும்வரை செய்ய வேண்டும். உணர்திறனை 20-இல் தொடங்கி, சலசலத்தால் ஒவ்வொன்றாக இறக்கலாம். கருமணல் திட்டுகளில் இன்னும் இறக்க நேரும்.

வீச்சின் இரு முனையிலும் கை தானாக மேலே போகும். அங்கே ‘உய்ங்’ என்று ஒரு பொய்ச் சத்தம் வரும். குறை கருவியில் இல்லை, மணலுக்கும் காயிலுக்கும் இடைவெளி மாறியதுதான். கடைசிவரை மணலை ஒட்டியே வீசுங்கள், முந்தைய வீச்சில் பாதியாவது மறுபடி மூடும்படி.

சிக்கிய பொருளுக்குத் திரை காட்டும் எண்ணை நம்பி ஏமாற வேண்டாம். தங்க மோதிரமும் அலுமினிய டப்பாவின் இழுப்பு வளையமும் அதே எண்களில்தான் விழும். நசுங்கிய ஃபாயிலுக்கு எண் தாவும்; முழு வளையத்துக்கு எந்தப் பக்கம் நின்று வீசினாலும் பெரும்பாலும் நிலையாக நிற்கும். அதுவும் அனுமானம்தான், தோண்டிப் பார்க்காமல் தீராது. மெல்லிய சங்கிலிக்கு ஒவ்வொரு கண்ணியும் தனித்தனிப் பொடியாகவே தெரியும், கொக்கி மட்டும் லேசாக முனகும். இந்த விஷயத்தில் எந்த டிடெக்டரும் பெரிதாகச் சாதிப்பதில்லை.

குறைகளும் உண்டு. 3 மீட்டர் ஆழம்வரை நீர் புகாது என்கிறார்கள், ஆனால் கூட வரும் ப்ளூடூத் ஹெட்ஃபோன் நனையக் கூடாது. நீருக்குள் கேட்க, நீர் புகாத கம்பி ஹெட்ஃபோனைத் தனியாக வாங்க வேண்டும். மணல் அள்ளும் கரண்டியும் பெட்டியில் கிடையாது. துருப்பிடிக்காத எஃகில் வாங்குங்கள். ஓட்டை பெரிதாக இருந்தால் தோடு நழுவிவிடும். அள்ளும்போது கரண்டியைக் காயிலருகே கொண்டுபோனால் கருவி அலறும்.

காயில் மூடிக்குள் மணல் சேர்ந்தாலும் சத்தம் போடும். ஒவ்வொரு முறையும் மூடியைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசுங்கள். சார்ஜ் முனைகளில் உப்பு ஒட்டியிருந்தால், துடைத்துக் காயவைத்த பிறகே சார்ஜ் கம்பியைப் பொருத்துங்கள். முழு சார்ஜ் சுமார் 12 மணி நேரம் தாங்கும். கடல் முழுக்க உள்வாங்கி நிற்கும் நேரத்துக்கு 2 மணி நேரம் முன்பிருந்து, தண்ணீர் திரும்பி ஏறும்வரை தேட அது தாராளம்.