பள்ளி உயிரியலுக்கு ஒரு மாணவர் நுண்ணோக்கி: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

உயர்நிலை வகுப்புகளில் உயிரியல் கற்பிக்கும் நான், ஒற்றைக் கண்குழல் கொண்ட கூட்டு நுண்ணோக்கி ஒன்றை ஒரு கல்வியாண்டு முழுவதும் ஆய்வக வகுப்புகளில் பயன்படுத்தியிருக்கிறேன். 4, 10, 40 மடங்கு பெரிதாக்கும் மூன்று பொருளருகு லென்ஸ்களும், 10 மடங்கிலும் 25 மடங்கிலும் இரண்டு கண்ணருகு லென்ஸ்களும் இதனுடன் வருகின்றன. பெட்டியின் மேல் ‘1000 மடங்கு’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். வாங்க நினைப்பவர்கள் அந்த எண்ணை வைத்து முடிவு செய்ய வேண்டாம் என்பதையே முதலில் சொல்ல விரும்புகிறேன். இக்கருவியின் சிறப்பு வேறிடத்தில் இருக்கிறது.

40 மடங்கு லென்ஸின் உறையில் 0.65 என்று ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். லென்ஸ் எவ்வளவு அகன்ற ஒளிக்கூம்பை உள்வாங்கும் என்பதைக் குறிக்கும் அந்த எண்தான், நெருங்கியிருக்கும் இரு புள்ளிகளை அது தனித்தனியாகக் காட்டுமா என்பதையும் தீர்மானிக்கிறது. இந்த லென்ஸுக்கு அந்த எல்லை ஏறத்தாழ அரை மைக்ரோமீட்டர். ஆகவே 650 மடங்கைத் தாண்டிப் பெரிதாக்கினால் உருவம் பருக்குமே தவிர, புதிதாக எதுவும் தெரியாது. 25 மடங்குக் கண்ணருகு லென்ஸைப் பொருத்திப் பார்த்தபோது, அதுவரை தெளிவாக இருந்த கன்னச் செல்லின் உட்கரு மங்கலான திட்டாகிவிட்டது. அன்றிலிருந்து அந்த லென்ஸ் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. பெட்டியில் அச்சிட்ட மடங்கு மட்டுமே எல்லாம் அல்ல என்பதற்கு, ஒற்றை லென்ஸ் கருவிகளையே பயன்படுத்திய டச்சு ஆய்வாளர் லேவன்ஹூக், 1683ஆம் ஆண்டு பல் அழுக்கில் பாக்டீரியாக்களைக் கண்டு எழுதினார் என்பதை மாணவர்களிடம் சொல்வேன்.

இக்கருவியை நான் விரும்புவதற்குக் காரணம், கண்ணாடித் தகட்டை வைக்கும் மேடைக்குக் கீழே இருந்து ஒளியைக் குவிக்கும் குவிப்பானும், அந்த ஒளியைக் கூட்டிக் குறைக்கும் அதன் கருவிழித் திரையும்தான். மலிவான கருவிகள் பலவற்றில் இவற்றுக்குப் பதிலாகத் துளைகள் இட்ட ஒரு வட்டத் தகடு மட்டுமே இருக்கும். சாயமேற்றாத கன்னச் செல் ஏறக்குறைய ஒளி ஊடுருவும் பொருள் என்பதால், வெளிச்சம் கூடுதலாக இருந்தால் பார்வைப் புலத்தில் ஒன்றுமே இல்லை என்று மாணவர்கள் முறையிடுவார்கள். திரையைச் சிறிது சிறிதாகச் சுருக்கினால் செல்லின் விளிம்பும் பிறகு உட்கருவும் துலங்கும். அளவுக்கு மீறிச் சுருக்கினால் ஒவ்வொரு விளிம்பைச் சுற்றியும் கருமை படர்ந்து நுண்விவரம் அழிந்துவிடும். இரண்டுக்கும் நடுவிலுள்ள இடத்தை மாணவரே தம் கையால் கண்டுபிடிக்க வேண்டும். இலையின் அடிப்புறத் தோலை உரித்து வைத்தபோது, இலைத்துளையின் இருபுறமும் உள்ள காப்புச் செல்களில் மட்டும் பசுங்கணிகங்கள் இருப்பதையும் சுற்றியுள்ள புறத்தோல் செல்களில் அவை இல்லாததையும் ஒரு மாணவி நான் சொல்லாமலேயே கவனித்துக் கேட்டார். பாடநூலின் படத்தைப் பார்த்து அந்தக் கேள்வியை இதுவரை எவரும் என்னிடம் கேட்டதில்லை.

10 மடங்குக் கண்ணருகு லென்ஸில் 18 என்ற எண் இருக்கிறது. அதைப் பொருளருகு லென்ஸின் மடங்கால் வகுத்தால் பார்வைப் புலத்தின் விட்டம் மில்லிமீட்டரில் கிடைக்கும்: 4 மடங்கில் 4.5, 40 மடங்கில் 0.45. புலத்தின் குறுக்கே எத்தனை செல்கள் அடங்குகின்றன என்று எண்ணினாலே செல்லின் அளவைக் கணித்துவிடலாம். இந்த எளிய கணக்குக்கு ஒரு முழு வகுப்பு நேரத்தை ஒதுக்குவது தகும்.

குறைகளும் உண்டு. கண்ணாடித் தகட்டை நகர்த்தும் திருகு மேடையில் இல்லை. இரண்டு கவ்விகள் மட்டுமே. தலைகீழாகவும் இடவலம் மாறியும் தெரியும் உருவத்தைப் பார்த்துக்கொண்டே 40 மடங்கில் தகட்டை விரலால் நகர்த்துவது புதியவர்களுக்குக் கடினம். ஆறாவது மாதத்தில் நுண்திருகு தளர்ந்து, குவியம் தானாகவே கீழே இறங்கத் தொடங்கியது. இறுக்கிய பின் சரியாயிற்று என்றாலும், அதற்குரிய கருவியோ விளக்கமோ பெட்டியில் இல்லை. 40 மடங்கு லென்ஸின் முனை சுருள்வில்லின் மேல் அமைந்திருப்பதால், தகட்டில் மோதிய இரண்டு முறையும் லென்ஸ் தப்பியது.

ஆண்டின் இறுதியில் வெங்காய வேர் நுனியை அசிட்டோகார்மின் சாயமேற்றி நசுக்கிப் பார்த்தோம். 400 மடங்கில் குரோமோசோம்கள் இரு துருவங்களுக்கும் விலகிச் செல்லும் நிலை தெளிவாகத் தெரிந்தது. அவை 16 என்று எண்ணி முடிக்கும் அளவுக்குப் பிரிந்து தெரியவில்லை. ஆனாலும் அந்த ஒரு செல்லைத் தேடிக் கண்டுபிடித்த மாணவர், மணி அடித்த பிறகும் இருக்கையை விட்டு எழவில்லை.