வீட்டிலேயே மாற்றிய மாருதி 800 இன்ஜின்: இரண்டு கோடை தாண்டிய பிறகு

ஆத்தூர் நண்பர் கேட்டிருக்கிறார்: "அண்ணா, என் 800-க்கும் இன்ஜின் போயிடுச்சு. பட்டறையில கேக்கிற காசுக்கு மயக்கமே வருது. உங்களை மாதிரி வீட்டிலேயே மாத்திடலாமா?" நேற்றுக் கேட்டிருந்தால் தாராளமாக மாத்துங்க என்றிருப்பேன். இன்று காலை சேலம் ஐந்து ரோடு நெரிசலில் நின்றுவிட்டு வந்திருக்கிறேன். அந்தக் கடுப்போடுதான் எழுதுகிறேன்.

முதலில் நியாயத்தைப் பேசிவிடலாம். நான் மாற்றிப்போட்ட இன்ஜின் தங்கம். பழையது ரேடியேட்டர் விசிறி நின்றுபோய் ஏற்காடு ஏற்றத்தில் கொதித்து, சிலிண்டர்களை மேலே அடைக்கும் ஹெட் கேஸ்கட் போய், ஆயிலை அளக்கும் டிப்ஸ்டிக்கை இழுத்தால் தண்ணீர் கலந்து ஆயில் பால் டீ நிறத்தில் வந்தது. சிலிண்டர் சுவரிலும் கோடு விழுந்திருந்தது. பின்பக்கம் இடிவாங்கி உடைப்புக்கு வந்த வண்டியிலிருந்து இதை எடுத்தேன். கழற்றும் முன் ஓடவிட்டுக் கேட்டு, மூன்று சிலிண்டரிலும் கம்ப்ரஷன் (அழுத்தம்) ஒரே அளவா என்று பார்த்துத்தான் காசைக் கொடுத்தேன்.

சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் கீழே. ஏற்காடு சுமார் 1500 மீட்டர். நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பழைய இன்ஜின் பாதி வளைவுகளில் முதல் கியரைக் கேட்டு அழும். இது நாலு பேரை ஏற்றிக்கொண்டு இரண்டாவதிலேயே திரும்பி மேலே போகிறது. சூட்டு முள் பாதியைத் தாண்டியதில்லை. வெறும் 796 சிசி!

வேலையும் நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இல்லை. போர் மோட்டார் இழுக்கிறவர்களிடம் இன்ஜினைத் தூக்க முக்காலி ஸ்டாண்டும் செயின் பிளாக்கும் வாடகைக்கு வாங்கினேன். போர்டிகோ கூரைக் கொக்கியில் மட்டும் தயவுசெய்து மாட்டாதீர்கள், அது ஊஞ்சலுக்குப் போட்டது. ஒவ்வொரு ஒயர் கப்ளரிலும் மாஸ்க்கிங் டேப் ஒட்டி எண் போட்டுவிட்டுக் கழற்றுங்கள். இன்ஜின் கீழே இருக்கும்போதே பின்பக்க ஆயில் சீல், கிளட்ச் பிளேட், பேரிங், டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். சில நூறு ரூபாய் சீலுக்காக மறுபடியும் கியர்பாக்ஸைப் பிரிப்பது கொடுமை. முதல் ஸ்டார்ட்டுக்கு முன் இக்னிஷனைத் துண்டித்துவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை விட்டு விட்டுச் செல்ஃப் அடியுங்கள். காய்ந்த பேரிங்கில் இன்ஜின் ஓடக்கூடாது.

சரி, இப்போது மவுண்டிங் கதை, அதாவது இன்ஜினைத் தாங்கும் ரப்பரின் கதை.

நிற்கும்போது வண்டி உதறுகிறது. ஓடும்போது ஒன்றும் இல்லை, ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தாலே அடங்கிவிடும். ஆனால் சிக்னலில் நியூட்ரலில் நின்றால் டேஷ்போர்டு பெட்டியின் மூடி கடகடக்கும். உள்கண்ணாடியில் பின்னால் நிற்கும் ஒரு ஆட்டோ இரண்டாகத் தெரியும். என் மனைவி, "கிரைண்டர் மேல உக்காந்து போற மாதிரி இருக்குங்க" என்றாள். அதற்குப் பிறகு அவளைக் கடைவீதிக்குக் கூட்டிப்போவதே சங்கடமாகிவிட்டது.

மூன்று சிலிண்டர் இன்ஜினுக்கு இது பிறவிக் குணம்தான், மறுக்கவில்லை. பிஸ்டன்களின் மேல்கீழ் விசைகள் ஒன்றையொன்று சமன்செய்தாலும், இன்ஜினின் இரு முனைகளும் மாறி மாறி ஆடுவது நிற்காது. அந்த ஆட்டத்தை பாடிக்கு வரவிடாமல் விழுங்குவதுதான் மவுண்டிங் ரப்பரின் வேலை. பழைய இன்ஜினும் மூன்று சிலிண்டர்தான், இப்படி உதறியதில்லையே! அதன் மவுண்டிங் ரப்பர் கிழிந்துபோனதால் புதிது வாங்கினேன். கடைக்காரர் "ஒரிஜினல்ங்கண்ணா" என்று அட்டைப்பெட்டியோடு கொடுத்தார். நகத்தால் அழுத்தினால் பள்ளம்கூட விழவில்லை, கருங்கல்.

எல்லா வித்தையும் காட்டிவிட்டேன். மவுண்டிங் போல்ட்டுகளைத் தளர்த்தி, இன்ஜினை ஓடவிட்டு, அது தானாக உட்கார்ந்த பிறகு முறுக்கினேன். கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். கியர்பாக்ஸ் பக்கத்துக்குப் பழைய ஸ்டாக்கில் மெத்தென்று ஒன்று கிடைத்தது, அந்தப் பக்கம் அடங்கியது. அடுத்த பக்கத்துக்குத் தேடிக்கொண்டே இருக்கிறேன். வண்டி உற்பத்தியே 2014-இல் நின்றுவிட்டது, இனி நல்ல ரப்பர் எங்கிருந்து வரும்?

இப்போதைக்கு ஒரே மருந்து ஏசி. போட்டதும் ஐட்லிங், அதாவது நிற்கும்போது இன்ஜின் சுற்றும் வேகம், கொஞ்சம் ஏறும், உதறல் குறையும். மார்கழிக் குளிரில் ஏசி போட்டுக்கொண்டு சிக்னலில் நிற்கிறவனைப் பார்த்தால் அது நான்தான்.

அப்புறம், இன்ஜின் எண் மாறினால் ஆர்.சி.யிலும் மாற வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அதற்குத்தான். விற்றவரிடம் பில் வாங்காமல் இன்ஜினைத் தொடாதீர்கள். ஆர்.டி.ஓ. ஆபீஸில் என்ன வழிமுறை என்று முன்பே கேட்டுவிடுங்கள், இன்சூரன்ஸுக்கும் தெரிவித்துவிடுங்கள்.

ஆக, ஆத்தூர்த் தம்பிக்குப் பதில்: வேண்டாம். பட்டறையிலேயே கொடுங்கள். உதறினால் போய்ச் சண்டை போட ஒரு ஆளாவது இருப்பார். எனக்கு அதுவும் இல்லை. கேட்கமாட்டேன், நானேதான் மாற்றுவேன் என்றால், முதலில் நல்ல மவுண்டிங் இரண்டு பக்கத்துக்கும் கையில் வாங்கி வைத்துக்கொண்டு, அப்புறம் இன்ஜினைத் தேடுங்கள். கடையில் ஒரு ஜோடிக்கு மேல் இருந்தால் எனக்கும் ஒன்று எடுத்துவிடுங்கள், காசு அனுப்பிவிடுகிறேன்.