திறக்க முடியும், ஆனால் எப்படி என்று தெரியாது: குழுத் திறனைச் சொல்லும் தருக்கங்கள்

பொத்தான் அழுத்தித் திறக்கும் இரும்புப் பெட்டி. அதன் ரகசிய எண் 472. முதல் இலக்கம் அக்காவுக்கு மட்டும் தெரியும், நடு இலக்கம் அண்ணனுக்கு, கடைசி இலக்கம் தம்பிக்கு. பக்கத்தில் ஒரு திருடன். அவனுக்கு ஒன்றும் தெரியாது. யாரால் பெட்டியைத் திறக்க முடியும்?

யாரால் எது முடியும் என்பதைக் குறியீடுகளில் எழுதிச் சரிபார்க்கும் முறைகளைத்தான் இங்கே தருக்கங்கள் என்கிறேன். இந்தக் கேள்விக்கு அவை ஒரே பதிலைச் சொல்வதில்லை.

மார்க் பாலி 2001-இல் ஆம்ஸ்டர்டாமில் ஆய்வேடாக எழுதிய கூட்டணித் தருக்கம் இருப்பதிலேயே எளிமையானது. மற்றவர்கள் என்ன செய்தாலும், இந்தக் குழு சேர்ந்து நின்றால் அடுத்த படியில் நினைத்ததை நடத்த முடியுமா? அது கேட்பது அவ்வளவுதான். ஐந்து பேர் குழுவில் மூன்று ஓட்டு யார் கையில் என்பது போன்ற கணக்குக்கு இது போதும்.

அலூர், ஹென்சிங்கர், குப்பர்மன் மூவரும் 1997-இல் கொண்டுவந்த ஏடிஎல் (ATL, Alternating-time Temporal Logic), ‘என்றாவது’, ‘எப்போதும்’ என்று காலத்தையும் சேர்த்துக்கொள்கிறது. சரிபார்ப்பதும் மலிவு: மாதிரியின் (எந்தச் செயல் எந்த நிலைக்குக் கொண்டுபோகும் என்று காட்டும் வரைபடத்தின்) அளவையும் சரிபார்க்கும் வாக்கியத்தின் நீளத்தையும் பெருக்கினால் வரும் அளவுக்குத்தான் நேரம் பிடிக்கும். ஆனால் திருடனாலும் பெட்டியைத் திறக்க முடியும் என்கிறது! 472-ஐ அழுத்த அவனுக்கு விரல் இருக்கிறதே. எல்லோருக்கும் எல்லாம் தெரியும் என்பதுதான் அதன் அடிப்படை.

சரி, அறிவைச் சேர்த்துவிடலாம் என்று வான் டெர் ஹூக்கும் வூல்ட்ரிட்ஜும் 2002-இல் ஏடிஇஎல் (ATEL) கொடுத்தார்கள்; ஏடிஎல்லோடு ‘இவருக்கு இது தெரியும்’ என்று சொல்லும் வசதியும் சேர்ந்தது. பார்த்தவுடன் பிடித்துப்போகும். அப்புறம்தான் வினை. எண் 000-வாக இருந்தாலும் 999-ஆக இருந்தாலும், அதைத் திறக்கும் வழி ஒன்று உண்டு என்பது திருடனுக்கும் தெரியும். ஆக, ‘தன்னால் திறக்க முடியும் என்று திருடனுக்குத் தெரியும்’ என்ற வாக்கியம் இதில் உண்மையாகிவிடுகிறது. வழி இருப்பது தெரிவது வேறு, எந்த வழி என்று தெரிவது வேறு. ‘முடியும்’ என்பதற்கு முன்னால் ‘தெரியும்’ ஒன்றை ஒட்டவைத்தால் இந்த வித்தியாசம் வந்துவிடாது. யாருக்கு எந்தத் தகவல் தெரியும் என்று பேச ஏடிஇஎல் நல்ல கருவிதான். செய்யத் தெரியுமா என்று கேட்க நான் அதை எடுக்க மாட்டேன்.

ஷோபென்ஸ் 2004-இல் ஒழுங்குபடுத்திய ஏடிஎல் வகைகள் பிரச்சினையின் வேருக்குப் போகின்றன. உனக்கு ஒன்றுபோலத் தெரியும் நிலைகளில் நீ ஒரே செயலைத்தான் செய்ய வேண்டும். அந்த உத்தி அத்தனை நிலைகளிலும் பலிக்கவும் வேண்டும். திருடன் இப்போது மாட்டிக்கொண்டான். ஆனால் அவனுக்கு நினைவாற்றலைக் கொடுத்து, தப்பாக அழுத்தினாலும் பூட்டிக்கொள்ளாத பெட்டியையும் கொடுத்தால்? 000, 001 என்று வரிசையாகப் போட்டு 1000 முறைக்குள் திறந்துவிடுவான். நினைவு இல்லாதவன் ஒரே எண்ணைக் காலம் முழுக்க அழுத்திக்கொண்டிருப்பான். பொத்தானுக்குப் பதில் சூட்கேஸ் போலச் சக்கரப் பூட்டாக இருந்தால் அவனும் தப்பிவிடுவான். அடுத்த எண் எது என்பதைச் சக்கரமே காட்டிவிடும்.

இதற்கு விலை உண்டு. நினைவில்லாத உத்திகளை வைத்து வாக்கியங்களைச் சரிபார்ப்பதே என்பி (NP: விடையைக் கொடுத்தால் சரிபார்ப்பது எளிதான கணக்குகள்) வகுப்பைவிடக் கடினம் என்று கருதப்படுகிறது. முழு நினைவும் அரைகுறைத் தகவலும் சேர்ந்தால், மூன்று பேர் இருந்தாலே பொதுவான தீர்வுமுறை கிடையாது என்று டிமாவும் சிப்ளேயாவும் 2011-இல் காட்டினார்கள்.

உடன்பிறந்தவர்கள் கதைக்கு வருவோம். ஆளுக்கொரு இலக்கத்தை அவரவரே அழுத்தினால், ஒரு வார்த்தை பேசாமல் திறந்துவிடுவார்கள். தம்பி மட்டும்தான் அழுத்தலாம், பேசவும் கூடாது என்றால், மூவரிடமும் சேர்த்து எண் முழுசாக இருந்தும் பயனில்லை. யாம்ரோகாவும் ஆகோட்னெஸும் 2007-இல் அமைத்த தருக்கம் இதைப் பிரித்துச் சொல்கிறது: அறிவைக் கூட்டினால் உத்தி தெரியும், எல்லோருக்கும் தனித்தனியாகத் தெரியுமா என்றால், இல்லை. எழுத்துமுறை கொஞ்சம் கண்ணைக் கட்டும். ஆனாலும் ரகசியம் உள்ள எந்தத் தகவல் பரிமாற்ற நெறிமுறைக்கும் (protocol) நான் இங்கிருந்துதான் தொடங்குவேன். ரகசியமே இல்லையென்றால் ஏடிஎல் போதும், வீண் செலவு வேண்டாம்.

ஒரு ஓட்டை மட்டும் எதிலும் அடைபடவில்லை. குறுகிய சந்தில் இரண்டு பைக் எதிரெதிரே வருகின்றன. இருவரும் அவரவர் இடப்பக்கம் ஒதுங்கினாலும் சரி, வலப்பக்கம் ஒதுங்கினாலும் சரி, மோதல் இல்லை. இரண்டு வழியும் இருவருக்கும் தெரியும். நான் மேலே சொன்ன எல்லாத் தருக்கங்களும் ‘இவர்களால் முடியும்’ என்று சொல்லிவிடும். எதிரே வருபவர் எந்தப் பக்கம் ஒதுங்குவார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கூட்டணி என்றாலே முன்கூட்டிப் பேசிவைத்துக்கொண்டவர்கள் என்று இவை எடுத்துக்கொள்கின்றன.