கார் இழுவையும் ரயில் கிராசிங்கும்: இல்லினாயில் ஓரிடம், டெக்சாஸில் ஈரிடம்

தனியார் இடத்தில் நிறுத்திய காரை இழுத்துப்போனால், அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் குக் போன்ற சில கவுண்டிகளில் (மாவட்டம் போன்ற பகுதிகளில்) புகார் போவது இல்லினாய் வணிக ஆணையத்துக்கு. இழுவை நிறுவனம், ஓட்டுநர், வண்டியை அனுப்பிவைக்கும் டிஸ்பாட்சர் மூவருக்கும் அதுவே உரிமம் தருகிறது. மாநில ரயில் கிராசிங் பாதுகாப்பும் அதனிடமே.

டெக்சாஸில் இழுவை உரிமம் தரும் துறை வேறு. ரயில் பாதுகாப்போ 2005 முதல் போக்குவரத்துத் துறையிடம். ‘ரயில்ரோடு கமிஷன்’ என்ற பெயரை நம்பிப் போனால் எண்ணெய், எரிவாயு விவகாரம்தான் பேசுவார்கள்!

விதியின் தெளிவில் எனக்கு டெக்சாஸ்தான் பிடிக்கும். ‘அனுமதியின்றி நிறுத்தினால் இழுத்துப்போவோம்’ என்ற எச்சரிக்கைப் பலகை குறைந்தது 18 அங்குல அகலம், 24 அங்குல உயரம். அடிவிளிம்பு தரையிலிருந்து 5 முதல் 8 அடிக்குள். காரை இழுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே அது நின்றிருக்க வேண்டும். மரக்கிளைக்குப் பின்னால் மறைந்திருந்தால் இழுத்த அன்றே படமெடுங்கள். நீதிமன்ற விசாரணை கேட்க 14 நாள்தான். சனி, ஞாயிறு, அரசு விடுமுறை கணக்கில் வராது.

தண்டவாளத்தில் கார் சிக்கினால் இரு மாநிலங்களிலும் ஒரே வழி: முதலில் இறங்கி விலகுங்கள், பிறகு கிராசிங்கின் நீலப் பலகையிலுள்ள எண்ணை அழையுங்கள். ஆறு இலக்கமும் ஓர் எழுத்தும் கொண்ட கிராசிங் அடையாளத்தைச் சொல்லாவிட்டால் எந்த ரயிலை நிறுத்துவதென்று ரயில் நிறுவனத்தாருக்குத் தெரியாது. இழுவை வண்டிக்கு அழைப்பது அதன் பிறகு.