கால்வாய்க் கரையில் ஏழு வருடம்: அம்பையைச் சுற்றிச் சைக்கிள்

அம்பாசமுத்திரத்தில் சைக்கிளுக்கென்று தனிப்பாதை எதுவும் கிடையாது. பலகை நட்டு, கோடு போட்டு, கைப்பிடிச் சுவர் வைத்த பாதையைத் தேடி வருகிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள். இங்கே இருப்பது தாமிரபரணிக் கால்வாய்களின் கரை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் நெல் வயல், நடுவில் ஆறடியோ எட்டடியோ அகல மண். பஸ், லாரி கிடையாது. எப்போதாவது புல்லுக்கட்டு ஏற்றிய ஒரு டிவிஎஸ் ஐம்பது வரும். ஏழு வருடமாக என் சைக்கிள் ஓடுவது பெரும்பாலும் இதில்தான்.

மாமனார் வீடு கல்லிடைக்குறிச்சியில். ஆற்றுக்கு வடகரையில் அம்பை என்கிற அம்பாசமுத்திரம், தென்கரையில் கல்லிடை. லீவுக்கு வரும்போதெல்லாம் சைக்கிளையும் காரின் பின்னால் கட்டிக்கொண்டு வருவேன். முதலில் பாபநாசம் மெயின் ரோட்டில்தான் ஓட்டினேன். பஸ்காரர்கள் ஒதுக்குகிற ஒதுக்கில் இரண்டு தடவை சாலையோரப் பள்ளத்தில் இறங்கியதோடு அந்த ஆசை போயிற்று. 2018 ஜூனில் ஒரு நாள் பஸ்ஸுக்குப் பயந்து ஒரு வாய்க்கால் பாலத்துக்குப் பக்கவாட்டில் இறங்கினேன். அதுதான் கன்னடியன் கால்வாய்.

தாமிரபரணியில் கட்டிய எட்டு அணைக்கட்டுகளில் ஒன்று கன்னடியன். கால்வாய் ஆற்றின் தென்பக்கமாகக் கல்லிடை, வீரவநல்லூர், சேரன்மகாதேவி என்று கிழக்கே சுமார் 34 கிலோமீட்டர் போகிறது. இதை வெட்டிய கதை இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். கன்னட தேசத்து அந்தணர் ஒருவருக்குப் பெரும் பொன் கிடைத்ததாம். அதை என்ன செய்வது என்று அகத்தியரிடம் கேட்க, ஒரு பசுவின் பின்னாலேயே போ என்றாராம். பசு நடந்த வழியில் கால்வாய், அது கோமியம் விட்ட இடத்தில் மடை, படுத்த இடத்தில் குளம். கதை எப்படியோ இருக்கட்டும், சைக்கிள்காரனுக்கு அது ரொம்பச் சரி. மேய்கிற மாடு வீணாக மேட்டில் ஏறாது. தண்ணீரும் அப்படித்தான். அதனால் இந்தக் கரையில் ஏற்றம் என்ற ஒன்றே கிடையாது. வளைவு மட்டும் ஏராளம். என் சைக்கிளில் இருக்கும் இருபத்தொரு கியரில் இங்கே இரண்டுக்குத்தான் வேலை.

முழு நீளத்தையும் ஒரே மூச்சில் ஓட்ட முடியும் என்று நினைத்துவிட வேண்டாம். ஊருக்குள் வீடுகள் கரையைத் தின்றிருக்கும். தெருவுக்குள் இறங்கி, ஊர் தாண்டி மறுபடி ஏற வேண்டும். அறுப்பு முடிந்த நாட்களில் வாத்துக் கூட்டம் எதிரே வரும். ஆயிரம் வாத்து என்றால் கால் மணி நேரம் காலை ஊன்றி நிற்க வேண்டியதுதான். பெல் அடித்தால் எல்லாம் ஒரே பக்கமாக ஓடி வயலுக்குள் விழும். அப்புறம் மேய்ப்பவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

திட்டு வாங்கியது அதற்கு மட்டுமில்லை. இரண்டாம் வருடம் ஐப்பசியில் நல்ல மழை. விட்டதும் கிளம்பிவிட்டேன். வீரவநல்லூர் தாண்டி ஒரு பெரியவர் மண்வெட்டியைக் கரையில் குறுக்கே போட்டு நிறுத்தினார். "அண்ணாச்சி, ஈரக் கரையில வண்டிய விடாதீங்க. நீங்க போட்ட தடத்துலதான் நாளைக்குத் தண்ணி வழி தேடும்." திரும்பிப் பார்த்தேன். என் டயர் தடம் இரண்டு விரல் ஆழத்துக்குக் கரை நெடுக ஓடியிருந்தது, அதில் அதற்குள்ளேயே தண்ணீர் கோர்த்திருந்தது. அவர் மண்ணைக் குதிகாலால் மிதித்துத் தடத்தை மூடிக்கொண்டே வந்தார், நான் வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். அன்றிலிருந்து மழை பெய்து இரண்டு நாள் வெயில் காய்ந்தால்தான் கரையில் ஏறுவது.

ஆக, இந்தப் பாதைக்கு நேரம் சொல்வது பாபநாசம் அணைதான். ஜூனில் கார் பருவ நெல் சாகுபடிக்குத் தண்ணீர் விட்டதும் கரை உயிர் பெறும். காற்றும் அப்போதுதான் கிளம்பும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது சைக்கிள் எம்மாத்திரம்? மலையிலிருந்து கிழக்கே தள்ளும். சேரன்மகாதேவிக்குப் பறந்து போய்விட்டு, திரும்பி வரும் இருபது கிலோமீட்டரில் நாக்குத் தள்ளியவர்களில் நானும் ஒருவன். ஜூலை, ஆகஸ்டில் விடிகிற நேரத்தில் கிளம்பி, ஒன்பது மணிக்குள் வீட்டுக்குள் இருக்கிற மாதிரி தூரத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்வது நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் அடுத்த போகமான பிசான நடவு, மழை, சகதி. என்னைக் கேட்டால் தை பிறந்து பங்குனி வரைதான் நல்ல காலம். கரை இறுகியிருக்கும், கதிர் முற்றியிருக்கும், திரும்பும்போது முகத்துக்கு நேரே பொதிகை தெளிவாக நிற்கும். சித்திரையில் தண்ணீரை அடைத்த பிறகு வரவே வேண்டாம். புழுதியும் பிளாஸ்டிக்கும் தெரியும் கால்வாயைப் பார்த்துக்கொண்டு ஓட்ட எனக்கு மனசு வருவதில்லை.

மணிமுத்தாறு பக்கம் கதையே வேறு. 1958இல் கட்டி முடித்த அணை அது. அதன் பிரதானக் கால்வாய் தெற்கே நாங்குநேரிப் பக்கத்து வறண்ட நிலத்துக்குப் போகிறது. அணையில் தண்ணீர் இருந்தால்தான் அதில் தண்ணீர். ஆளே இல்லாத பாதை வேண்டும் என்றால் இதுதான், ஆனால் இருபுறமும் உடைமரமும் சீமைக்கருவேலமும். ஒரே காலையில் பின் டயரிலிருந்து ஒன்பது முள் பிடுங்கியிருக்கிறேன். பேட்ச் தீர்ந்து, உப்புத்தாள் நைந்து, கடைசி முள்ளை டியூபிலேயே விட்டுவிட்டு ஐந்நூறு மீட்டருக்கு ஒருமுறை பம்ப் அடித்தபடி வந்து சேர்ந்தேன். அதற்குப் பிறகு மூன்று மாற்றம்: 28 மில்லிமீட்டர் டயர் போய் 40 வந்தது, உள்ளே முள்ளைத் தடுக்க ஒரு லைனர் பட்டை, டியூபுக்குள் ஓட்டையை அடைக்கிற சீலண்ட் திரவம். வண்டி கனத்துவிட்டது, ஓட்டமும் குறைந்தது. ஆனால் வருடத்துக்கு முப்பது பஞ்சர் என்பது நாலைந்தாகிவிட்டது. முள்ளைப் பார்த்ததும் பிடுங்காதீர்கள். நிழலில் நிறுத்தி, சக்கரத்தைச் சுற்றி முள் கீழ்ப்பக்கம் வருகிற மாதிரி வைத்துவிட்டுப் பிடுங்கினால் சீலண்ட் அங்கே தேங்கி அடைத்துக்கொள்ளும். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒன்றரை வருடமும் ஒரு வெள்ளைச் சட்டையும் செலவு.

வடகரையில் கால்வாயைவிட ஊர்ச் சாலைகள்தான் எனக்குப் பிடிக்கும். அம்பையிலிருந்து மன்னார்கோயில், பிரம்மதேசம், திருவாலீஸ்வரம் என்று ஒரு சுற்று. தார்ச்சாலைதான், ஆனால் மதிய நேரத்தில் ஆட்டோகூட வராது. ஒவ்வொன்றிலும் நின்று பார்க்க வேண்டிய பழைய கோயில். நான் திருவாலீஸ்வரத்துக்காகவே அந்தப் பக்கம் திரும்புவேன். கடனாநதி வந்து தாமிரபரணியில் சேரும் திருப்புடைமருதூருக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். நாறும்பூநாதர் கோயில் கோபுரத்துக்குள் சுவரோவியமும் மரச்சிற்பமும் உண்டு. வெளியே ஊர் மரங்களில் நாரைகள் கூடு கட்டியிருக்கும். 2005இல் இதைப் பறவைகள் காப்பகமாக அறிவித்தார்கள். பங்குனியில் போனால் தொப்பி கட்டாயம். வெயிலுக்காக மட்டும் சொல்லவில்லை.

மேற்கே ஓர் எல்லை உண்டு. களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் சோதனைச் சாவடிக்கு அப்பால் நான் சைக்கிளைக் கொண்டுபோக முயன்றதே இல்லை. மலையடிவார ஊர்களுக்குச் சிறுத்தையும் கரடியும் இறங்கி வருவது புதிதல்ல. விக்கிரமசிங்கபுரத்துக்கு மேற்கே நன்றாக விடிந்த பிறகு போய், பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவேன்.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்துக்குப் பிறகு பழகின கரையே அடையாளம் தெரியவில்லை. நான் வழக்கமாக உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும் மருதமரத்தடியில் மரம் இருந்தது, தடி இல்லை. வேர்கள் அந்தரத்தில் தொங்கின. அரைகிலோமீட்டருக்கு மூன்று உடைப்பு. மூட்டையில் மண் கட்டி அடைத்து, மேலே மண் கொட்டி, அது இறுக ஒரு வருடம் ஆனது.

இறுகியதும் வேறொரு தொல்லை. நான் அதிகம் ஓட்டும் துண்டு ஒன்றுக்குத் தார் போட்டுவிட்டார்கள். அறுப்பு மிஷின் வயல் வரை வரும், மழைக்காலத்தில் பிள்ளைகள் சேறு மிதிக்காமல் பள்ளிக்கூடம் போகும். ஊர்க்காரர்களுக்குச் சந்தோஷம்தான், அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் தார் வந்த மறுவாரமே மெயின் ரோட்டில் நெரிசல் என்று கார்கள் கரைக்கு வந்துவிட்டன, கூகுள் மேப்பும் வழிகாட்ட ஆரம்பித்துவிட்டது. ஒரு வளைவில் எதிரே வந்த வேனுக்கு வழிவிட்டு, நானும் வண்டியும் இடுப்பளவு கால்வாய்த் தண்ணீரில் நின்றோம். போன் பிழைக்கவில்லை. இப்போது அந்த நாலு கிலோமீட்டரை எதிர்க்கரையில் ஓட்டுகிறேன். அங்கே புல் கணுக்கால் வரை. வேகம் மணிக்கு எட்டு கிலோமீட்டரைத் தாண்டாது.

எதிர்க்கரையில் படித்துறைகள் உண்டு. காலையில் பெண்கள் குளிக்கும் நேரம். வளைவுக்கு முன்பே இரண்டு தடவை பெல் அடித்துவிட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போவேன். முதலில் முறைத்துப் பார்த்தவர்கள் இப்போது "கல்லிடை மாப்பிள்ளை வாராரு" என்று எனக்குக் கேட்கிற மாதிரியே சொல்லிச் சிரிக்கிறார்கள். மீட்டர் 14,000 காட்டுகிறது. பின் டயர் நூல் தெரிகிறது. அணை திறக்கும் தேதி பேப்பரில் வரட்டும், புதுசு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறேன்.